பால்காரர் மகனுக்குப் பள்ளிக்கூடப் பால்

மகளே, போன ஞாயிற்றுக்கிழமை நீ புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து போன் செய்தாய். பேரன் வகுப்பிலேயே குள்ளமாக இருக்கிறான் என்றாய். பாலர் பள்ளியில் மதியச் சாப்பாட்டோடு ஒரு குவளை பால் கொடுக்கிறார்கள், அவன் பாதியைக் குடித்துவிட்டு வயிறு வலிக்கிறது என்று மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறான் என்றாய். பிறகு என்னிடம் கேட்டாய்: "ஹைட் ஓகேன்னுதான் டாக்டர் சொல்றாரு, ஆனா எனக்கு வொரியா இருக்குப்பா. நெஜமா வலிக்குதா, சும்மா ஆக்டிங் போடுறானா? நீங்க சின்ன வயசுல நெறைய பால் குடிச்சிருப்பீங்கல்ல? தாத்தா பால்காரர்தானே?"

நான் "ம்" என்றேன். அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்த "ம்" என்பதற்குப் பின்னால் இருந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். தம்பி, என் மகனே, நீயும் படி. நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனாலும் வாயால் சொல்லப் போனால் பாதியில் நிறுத்திவிடுவேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். என் வயதுக்காரர்கள் யார் கையிலாவது இது கிடைத்தால் அவர்கள் சிரிக்கலாம். அவர்களும் நான் படித்த மாதிரிப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள்தான், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

அப்போது நாங்கள் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். அரிசிக்கடைக்கு மேல்மாடி, பலகைத் தடுப்பு வைத்த ஓர் அறை. கீழே மூட்டை வாசனை, படியேறினால் எங்கள் வாசனை. எங்கள் வாசனை என்றால் பால் வாசனை. புதுப்பாலின் வாசனை என்று நினைத்துவிடாதீர்கள். கழுவிக் கவிழ்த்த கேனில் எங்கேயோ விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாலின் புளித்த நெடி. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. என் பள்ளிச் சட்டையிலும் அது இருந்தது. வருடத் தொடக்கத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு வாரம் மூக்கைச் சுளிப்பார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள்.

உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வெளியே இருந்த மாட்டுக்கொட்டகைக்குப் போவார். வண்டியின் இரண்டு பக்கமும் அலுமினியக் கேன்கள் தொங்கும். திரும்பி வந்து தேக்கா சந்தைக்குப் பின்னால் உள்ள வீடுகள், எங்கள் சந்து, அடுத்த சந்து என்று காலையிலும் மதியத்திலும் ஊற்றுவார். அப்போதே கடையில் டின் பால், மாவுப்பால் எல்லாம் வந்துவிட்டன. இருந்தாலும் நம் ஆட்களுக்குக் கறந்த பால் மேல் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் வீட்டில் சோறு பொங்கியது.

நம்பிக்கை இருந்தாலும் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். எங்கள் சந்தின் முனையில் ஒரு தையற்கடை. கடைக்காரர் மனைவியைத் தையற்கடை அக்கா என்போம். அவர் கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டுப் பால் விட்டுப் பார்ப்பார். சொட்டு அப்படியே நின்றால் நல்ல பால், வழிந்தால் தண்ணீர். அவர் பார்த்து முடிக்கும்வரை அப்பா குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நகத்தையே பார்த்து நிற்பார். பிறகு ஊற்றிவிட்டுக் கொசுறாக இன்னும் கொஞ்சம் சாய்ப்பார். "புள்ளைங்க குடிக்கிறதும்மா இது. இதுல தண்ணி ஊத்துனா என் புள்ளைக்குத்தான் ஆகாது" என்பார்.

மெலிந்த பிள்ளை இருக்கிற வீட்டில் அரைக் குவளை கூடுதலாக வாங்கச் சொல்வார். இரண்டே மாதம், கால்சட்டை பத்தாமல் போகும் பாருங்கள் என்பார். உண்மையில் அவர் உயரத்தைத்தான் விற்றுக்கொண்டிருந்தார். அதை அவரே முழுசாக நம்பினார் என்பதால் அதில் பொய் கிடையாது.

பொய் என்னைப் பற்றித்தான் சொன்னார்.

சனிக்கிழமைகளில் என்னை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போவார். அளவுக் குவளையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பால்காரர் மகன் எப்படி இருக்கிறான் என்று எல்லா வீட்டிலும் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தால் நான் அரிசிக்கடைப் பூனை மாதிரி இருந்தேன். எனக்கு ஒன்பது வயது. உயரமோ பாலர் வகுப்புப் பிள்ளையின் உயரம். பள்ளியில் வரிசை நிற்கச் சொன்னால் நான்தான் முதல் ஆள். மலாய்ப் பிள்ளைகள் "பெண்டெக்" என்பார்கள், நம் பிள்ளைகள் "கட்டையன்" என்பார்கள். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்.

பையனுக்கு எத்தனை வயது என்று முதன்முதலில் ஒரு வீட்டில் கேட்டபோது அப்பா கேன் மூடியைத் திறந்துகொண்டே, "ஆறும்மா. அடுத்த வருசந்தான் பள்ளிக்கூடம்" என்றார். நான் திருத்தப் போனேன். கையிலிருந்த மூடியால் என் முழங்காலை லேசாகத் தட்டினார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் எனக்கு ஆறு வயது. ஆறு வயதுக்கு நல்ல வளர்த்தி என்று பெண்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். சில வீடுகளில் மிட்டாய் கிடைக்கும். அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருடம்தான் தையற்கடை அக்கா தன் மகளை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். இரட்டைச் சடை, எப்போதும் கூர்மையான பென்சில். வந்து சேர்ந்தது என் வகுப்பில். அடுத்த சனிக்கிழமை பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவளே வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "அம்மா, இந்தப் பையன் என் கிளாஸ்தான்" என்றாள்.

அக்கா வந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா குவளையைச் சாய்த்தபடியே, பையன் கெட்டிக்காரன், டபுள் ப்ரமோஷன் கொடுத்து மேலே தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றார்.

"கணக்குல நாலு மார்க்தாம்மா வாங்கினான்" என்றாள் அவள்.

அக்கா நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

அதற்குப் பிறகு சில வாரங்களில் பள்ளிக்கு ஒரு தாதி வந்தார். எங்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, சுவரோடு நிற்க வைத்து உயரம் பார்த்தார், எடை பார்த்தார். தலையில் பலகையை வைத்து அழுத்தும்போது நான் குதிகாலைக் கொஞ்சம் தூக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினார். அதற்கடுத்த வாரம், வளர்த்தி போதாத பிள்ளைகள் தினமும் இடைவேளைச் சாப்பாட்டோடு பால் குடிக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பாசிரியை அறிவித்தார். அவர் சீனப் பெண்மணி, கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. முதலில் கூப்பிட்டது என்னை.

உணவுக்கடைகளை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடும். என் வயதுக்காரர்களுக்கு அந்த வாய்க்கால் தெரியும். அதன் ஓரத்தில்தான் நாங்கள் எல்லாரும் குந்தி உட்கார்ந்து, குவளைத் தண்ணீரில் ஆசிரியை சொல்படி பல் துலக்குவோம். பால் குடிக்கிற பிள்ளைகளையும் அங்கேதான் வரிசையாக நிறுத்துவார்கள். பால் முக்கோண அட்டைப் பொட்டலத்தில் வரும். சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல், நனைந்த அட்டையும் சீனியும் கலந்த ருசி. குடித்து முடித்ததும் பொட்டலத்தைத் தலைகீழாகப் பிடித்து, வாய்க்கால் மேல் பிதுக்கிக் காட்ட வேண்டும். மற்ற பிள்ளைகள் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். வரிசையில் எனக்கு அடுத்து நின்றவன் ஒரு மலாய்ப் பையன். என்னைவிட ஒரு விரல்தான் உயரம். அவன் உறிஞ்சும் சத்தம் ஆசிரியைக்குக் கேட்கும்படி உறிஞ்சுவான். அவனுக்குப் பால் பிடிக்கும்.

எனக்கு அரை மணி நேரத்தில் வயிற்றுக்குள் ஏதோ உருளத் தொடங்கும். பிறகு இழுத்துப் பிடிக்கும். பிறகு கழிவறைக்கு ஓட வேண்டும்.

வீட்டில் எனக்கு இப்படி வந்ததில்லை. ஏனென்றால் நினைவு தெரிந்து வீட்டில் நான் பால் குடித்ததே இல்லை. எனக்கென்று அப்பா ஒதுக்கி வைக்கும் பாலை அம்மா உறை ஊற்றித் தயிராக்கிவிடுவார். சோற்றில் மோராக வரும். குடித்தானா என்று அப்பா கேட்டால் "குடிச்சிட்டான்" என்பார். தாய்ப்பால் மறந்த பிறகு ஓரிரு தடவை கொடுத்துப் பார்த்து அம்மா தெரிந்துகொண்டிருக்கிறார். பால்காரர் வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

தையற்கடைப் பெண் தன் வீட்டில் சொல்லியிருப்பாள். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டாள், பிள்ளைகள் பள்ளியில் பார்த்ததை வீட்டில் சொல்லும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. பால்காரர் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் பால் ஊற்றுகிறார்களாம். அடுத்த சனிக்கிழமை நானும் வண்டியில் இருந்தேன். மாடியிலிருந்து ஒரு பெண் கூடையைக் கயிற்றில் இறக்கிக்கொண்டே, "விக்கிறதுல அவனுக்கும் ஒரு வாய் ஊத்தப்படாதா அண்ணே?" என்றார். கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். 

இரண்டு வீடுகள் பாலை நிறுத்தின. வேறொரு வீட்டில், ஊற்றிய பாலை எங்கள் கண் முன்னாலேயே காய்ச்சிப் பார்த்தார்கள். தன் பிள்ளைக்குக்கூடப் போதாத பால் என்றால் அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்ற கணக்கு. அன்று மதியம் அப்பா கேன்களைக் கழுவாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கொடுக்கிறார்களா, உனக்கு மட்டுமா என்று கேட்டார். கட்டையாக இருக்கிறவர்களுக்கு மட்டும் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தார். காக்கி அரைக்கால்சட்டை, பால் கறை படிந்த பனியன், கையில் வண்டிச் சாவி. வகுப்பு வாசலிலேயே நின்று ஆசிரியையிடம் சந்தையில் பேசுகிற மலாயில் பேசினார். என் பிள்ளைக்கு வேண்டிய பால் வீட்டில் இருக்கிறது, நான் பால் விற்கிறவன், அவனை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். ஆசிரியை பொறுமையாகத்தான் கேட்டார். இது ஏழைப் பிள்ளைகளுக்கு என்று இல்லை, பையன் வளர வேண்டும் அல்லவா, தாதி சொன்னதை நான் மாற்ற முடியாது என்றார். அப்பா தலையாட்டிக்கொண்டு படியிறங்கினார். ஆசிரியை திரும்பி வந்து ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டார். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். ஆனால் பின்வரிசையில் ஒருவன் மூக்கைப் பிடித்தான், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர். நான் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

மறுநாள் இடைவேளையில் உணவுக்கடைகளுக்குப் பின்னால் இருந்த கம்பி வேலிக்கு வெளியே அப்பா நின்றார். மூடி போட்ட தூக்கு, ஒரு டம்ளர். எல்லாரும் பார்க்கிற மாதிரி நின்று குடி என்றார். வேலிக்கு மேலாக டம்ளரை நீட்டினார். குதிகாலைத் தூக்கித்தான் வாங்க முடிந்தது. அன்றிலிருந்து தினமும் முதலில் வேலியோரம் அப்பாவின் பால், பிறகு வாய்க்கால் ஓரம் பள்ளிக்கூடப் பால். பால்காரர் மகன் பால் இல்லாமல் இல்லை என்பதை அப்பா இப்படித்தான் நிரூபிக்க நினைத்தார். தையற்கடைப் பெண் பார்க்கிறாளா என்று என் தலைக்கு மேலாக எட்டி எட்டிப் பார்ப்பார். அவள் வீட்டில் போய்ச் சொன்னால் சந்துக்குத் தெரியும் அல்லவா.

அம்மா ஒரே ஒரு தடவை சொன்னார். "அவனுக்கு ஆகலைன்னா விட்ருங்களேன்."

"ஆகாம போறதுன்னு ஒண்ணு கெடையாது. பழக்கணும்" என்றார் அப்பா. "என்னயப் பழக்கத்தான் ஆளில்ல."

அந்தக் கடைசி வார்த்தை எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது. 

இடைவேளை முடிந்ததும் எங்களுக்கு ஆங்கில ஸ்பெல்லிங். நான் தினமும் அதே நேரத்தில் கையைத் தூக்கிக் கழிவறைக்குப் போக அனுமதி கேட்டேன். ஆசிரியைக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. ஸ்பெல்லிங் நேரத்தில் மட்டும் எப்படி உனக்கு வயிறு வலிக்கிறது என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார். வகுப்பு சிரித்தது. அன்று எழுதி முடித்துவிட்டுப் போ என்றார். நான் இன்னொரு தடவை கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்க்காமல் அடுத்த சொல்லைச் சொன்னார். பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று சொல்லோ நாலு சொல்லோ எழுதினேன். பிறகு நான் அடக்கி வைத்திருந்தது என் வசத்தில் இல்லை.

அதை விவரிக்க வேண்டாம். சூடாக இருந்தது என்பதும், நாற்காலிக்குக் கீழே சொட்டியது என்பதும், எங்கள் வீட்டுக் கேனின் புளித்த நெடிதான் அதிலும் இருந்தது என்பதும் போதும். பக்கத்து வரிசையில் இருந்த தையற்கடைப் பெண் சிரிக்கவில்லை. தன் நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி நகர்த்திக்கொண்டாள். நான் இன்றைக்கும் மறக்காதது அந்தச் சத்தம் வராமல் நகர்த்தியதைத்தான்.

ஆசிரியை என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தாமே கழுவிவிட்டார். ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டே கழுவினார். நான் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பள்ளி ஜாகாவை, அதாவது காவலாளியை, எங்கள் சந்துக்கு அனுப்பி அப்பாவை வரவழைத்தார். மதியப் பாலுக்குக் கிளம்பியிருந்த அப்பா கேன்களோடு அப்படியே வந்தார். என்னைப் பார்த்தார். ஆசிரியை என்னவோ சொன்னார், அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கேன்களின் மேல் போட்டிருந்த துணியை எடுத்து என்னைச் சுற்றி, வண்டியில் முன்னால் தூக்கி வைத்தார். கால்சட்டையை ஒரு தாளில் சுருட்டி என் கையில் கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. சந்தின் முனையில் திரும்பித்தான் ஆக வேண்டும். தையற்கடை வாசலில் அக்காவும் நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள். எல்லாரும் எங்கள் பால் வாங்குகிறவர்கள். துணி சுற்றிய என்னைப் பார்த்ததும் அக்கா வண்டிக்கு முன்னால் வந்துவிட்டார். என்ன ஆயிற்று, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று உண்மையான கவலையோடுதான் கேட்டார். அதற்குள் பின்னாலிருந்த ஒருவர் என் கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டார். வாசனையும் அவருக்கு எட்டியிருக்கும்.

"வயித்தால போயிருச்சா? யாரு பாலு வேலைய காட்டுச்சு, ஸ்கூல் பாலா, ஒங்க பாலா?"

சிரிப்பு கிளம்பியது. எனக்கு அப்போது ஒரே வேண்டுதல்தான். பள்ளிக்கூடப் பால் என்று அப்பா சொல்லிவிட வேண்டும். மாவைக் கரைத்த பால், அதனால்தான் கெடுத்தது என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். அவர் பெயரும் மீண்டிருக்கும், நிறுத்திய வீடுகளும் திரும்பியிருக்கும். சொல்வதற்குத்தான் வாயைத் திறக்கிறார் என்று நினைத்தேன்.

அப்பா வண்டியை அணைத்தார்.

"ரெண்டு பாலும் ஒண்ணுதாம்மா. இவனுக்குப் பாலு ஆகாது. எனக்கும் ஆகாது. நான் ஒரு டம்ளர் குடிச்சாலும் இப்படித்தான் போவும். சின்னதுலேர்ந்து அப்படித்தான். எங்க ஒடம்பு அது. புள்ள மேல தப்பு இல்ல." துணியை என் தோளுக்கு மேல் இழுத்துவிட்டார். "வயசும் ஆறு இல்ல. ஒம்போது."

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, அப்படியென்றால் நீங்கள் வாயில் வைக்காததைத்தான் எங்களுக்கு ஊற்றினீர்களா என்று கேட்டார். அப்பா வண்டியை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கேன்கள் ஆட ஆட, உதைத்துக்கொண்டே இருந்தார். நான் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மகளே, தம்பி, உண்மையைச் சொல்கிறேன். வகுப்பில் நடந்ததைவிட அந்தத் தெருவில் நடந்ததுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. சின்னப் பையன் ஒருவனுக்கு வயிறு கெடலாம். வளர்ந்த ஆள், அதுவும் பால்காரர், பெண்கள் முன்னால் நின்று எனக்கும் இப்படித்தான் போகும் என்று சொல்வாரா? பல வருடம் அந்தச் சந்தில் நான் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. என்னை மறைப்பதற்காக அவர் தன்னைத் திறந்து காட்டினார் என்பது எனக்கு விளங்க, எனக்கே பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

அப்பா கோப்பி ஓ மட்டும் குடிப்பார் என்பது எனக்கு எப்போதும் தெரியும். பால்காரர் ஏன் பால் இல்லாத கறுப்புக் கோப்பி குடிக்கிறார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. சிக்கனம் என்று நினைத்திருந்தேன். ரப்பர்த் தோட்டத்தில் பாலே பார்க்காமல் வளர்ந்ததால்தான் தன் குடல் அப்படி ஆகிவிட்டது, சின்னதிலேயே பழக்கினால் மகன் தப்பித்துவிடுவான், நன்றாக வளர்ந்தும் விடுவான் என்று அவர் நினைத்திருக்கிறார். வேலியோரம் டம்ளரை நீட்டியபோது அவருக்குச் சந்தின் பேச்சு மட்டும் கவலை இல்லை போலிருக்கிறது.

மறுநாள் ஆசிரியை என்னை வரிசையில் நிறுத்தவில்லை. இனி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம் மேசையிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். அப்பாவும் தூக்கோடு வேலிக்கு வரவில்லை. சனிக்கிழமைகளில் என்னைக் கூப்பிடவும் இல்லை. வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. தையற்கடை அக்கா மட்டும் கடைசிவரை வாங்கினார், நகத்தில் விட்டுப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார் என்று அம்மா சொல்வார். பிறகு மாட்டுக்கொட்டகையையே மூடிவிட்டார்கள். அதனால் வியாபாரம் போனது அந்தப் பேச்சாலா, கொட்டகை போனதாலா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அப்பா ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். நாங்கள் மார்சிலிங்குக்கு வந்துவிட்டோம்.

தேசிய சேவைக்காக ராணுவத்தில் இருந்தபோது முகாமில் ஒரு மருத்துவரிடம் வயிற்று வலிக்காகப் போனேன். பாலில் இருக்கும் ஒருவகைச் சீனியைச் செரிக்கும் சக்தி பலருக்கு வளர வளரக் குறைந்துவிடும், நம் பக்கத்து மக்களில் நிறையப் பேருக்கு அப்படித்தான், தயிர் மோர் சேரும், பால்தான் சேராது என்றார். விடுமுறையில் வந்து அப்பாவிடம் சொன்னேன். காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அது வியாதி இல்லியா?" என்றார்.

இல்லை என்றேன். சரி என்று மற்றக் காலணியைக் கழற்றினார். இத்தனை வயதுவரை அதை ஒரு வியாதி என்று, தன் தொழிலுக்கே வந்த ஒரு களங்கம் என்று, யாரிடமும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். எனக்காக ஒருநாள்தான் வெளியே எடுத்தார்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். பால் குடித்தால் பிள்ளை வளருமா? தெரியவில்லை, மகளே. பால் நல்லதுதான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், சேர்கிறவர்களுக்கு நல்லதாகத்தான் இருக்கும். சத்தமாக உறிஞ்சிக் குடித்த அந்த மலாய்ப் பையன் இப்போது பேருந்து ஓட்டுகிறான். உட்லண்ட்ஸில் எப்போதாவது பார்ப்பேன். இன்றைக்கும் என்னைவிட ஒரு விரல்தான் உயரம். தையற்கடைப் பெண் அப்பாவின் பாலிலேயே வளர்ந்தவள், அவளுடைய அம்மாவின் உயரத்தோடு நின்றுவிட்டாள். என் உயரம் உங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். பேரன் வயிறு வலிக்கிறது என்றால் வலிக்கிறது. டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

தாத்தா போன அன்று நீங்கள் இருவரும் இருந்தீர்கள். மார்சிலிங் வீட்டின் பின்னறை, மதிய நேரம். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஜொகூரிலிருந்து வந்திருந்த என் அத்தை, "எல்லாரும் ஆளுக்கொரு கரண்டி பாலு ஊத்துங்கப்பா, நிம்மதியாப் போவட்டும்" என்றார். நம் வழக்கம் அது. யாரும் யோசிக்கவில்லை. உங்கள் அம்மா பாலை வெதுவெதுப்பாக்கிக் கொண்டுவந்தார். உறவுக்காரர்கள், சம்பந்தி வீட்டார், எதிர்வீட்டுக்காரர் என்று அறை நிறைய ஆட்கள். அவருக்குப் பால் ஆகாது அத்தை, தண்ணீர் ஊற்றலாம் என்று சொன்னால் போதும். வாய்வரை வந்தது. சாகிற மனிதருக்கு வயிறு கெட்டால் என்ன என்று யாராவது கேட்டுவிடுவார்களோ, சிரித்துவிடுவார்களோ என்று விழுங்கிவிட்டேன். அவர் ஒரு தெருவையே நிறுத்திச் சொன்னதை, என் சொந்த வீட்டில், என் சொந்த ஆட்களிடம் என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் கையைப் பிடித்து உங்களை ஊற்ற வைத்தேன். நானும் ஊற்றினேன். அவரால் விழுங்க முடியவில்லை. பாதி வாயில் தேங்கியது, பாதி கழுத்தில் வழிந்தது.

பிறகு எல்லாரும் கூடத்துக்குப் போனார்கள். யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த ஐயரைக் கூப்பிட வேண்டும் என்று பேச்சு நடந்தது. அத்தை என்னையும் கூப்பிட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவருக்கு இன்னும் மூச்சு இருந்தது. துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்து விரலில் சுற்றிக்கொண்டேன். உதட்டைப் பிரித்து ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி என்று மெல்லத் துடைத்தேன். துண்டை அலசிப் பிழிந்து மறுபடி துடைத்தேன். கடைசியில் கழுத்தையும் துடைத்தேன்.